மலைக்குப் போன பதில்

திருத்தணியில் எதை எழுதினாலும் மலையைத்தான் முதலில் எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கிற வரிசையானாலும் சரி, புதுக் கடையில் முதல் பில் போடுவதானாலும் சரி, முதல் இடம் முருகனுக்கு. மற்றவர்கள் அதற்கப்புறம் அடித்துக்கொள்ளலாம். கடைத்தெருவில் கேபிள் கம்பெனி நடத்தும் டில்லிபாபுவும் அப்படித்தான். வீடுகளுக்கு டிவியும் இணையமும் கொடுக்கிற சின்னக் கம்பெனி அது. அதில் முதல் இணைப்பு எண் மலைக்கு. ஒயர்களெல்லாம் வந்து சேரும் இரும்பு அலமாரியில் முதல் துளை மலைக்கு. சர்வரின் நெற்றியில் விபூதிப் பட்டை. சர்வருக்கு நெற்றி எது என்பதையும் அவரேதான் முடிவு செய்தார். மெஷினைப் பொருத்த வந்தவர் தூசி உள்ளே போகும் என்று சொல்லிப் பார்த்தார். டில்லிபாபு கேட்டால்தானே.

அந்தச் சர்வரைக் கட்டி மேய்க்கிறவள் பிரபாவதி. திருத்தணிக்குப் பக்கத்திலிருக்கும் கே.ஜி.கண்டிகைக்காரி. கழனி வேலைக்குக் கூலிக்குப் போன முனியனின் மூத்த மகள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு டில்லிபாபுவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்தது ஒரு டெலிபோனும் ஒரு ஸ்டூலும்தான். சீரியல் நேரத்தில் படம் நின்றால் அந்த டெலிபோன் அலறும். ஆர்.கே.பேட்டையிலிருந்து பவர்லூம்காரர்கள் தெலுங்கில் திட்டுவார்கள், திருத்தணிக்காரர்கள் தமிழில் திட்டுவார்கள். வாங்கிக்கொள்கிற திட்டு எந்த மொழியோ, சொல்கிற சமாதானமும் அந்த மொழியிலேயே இருக்கும். அதனால் அவளை எல்லாருக்கும் பிடித்திருந்தது.

பிறகு இணையம் வந்தது. டிவி என்றால் வரும், அவ்வளவுதான் அதன் வேலை. இணையம் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். இந்த வித்தியாசம் புரிந்த நாளில் பிரபாவதிக்கு வேலையே ஓடவில்லை. கண்டிகை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் போனைத் தட்டுகிறார். ஒரு சின்னப் பொட்டலம் புறப்பட்டு ஊரைத் தாண்டி, கடலைத் தாண்டி, எங்கேயோ இருக்கும் ஒரு மெஷினிடம் போய்க் கேட்கிறது. பதில் எண்ணற்ற பொட்டலங்களாகப் பிரிந்து, வழி கேட்டு வழி கேட்டு வந்து, அதே பெஞ்சில் அதே ஆளின் கையில் சேருகிறது. பக்கத்தில் டீ குடிக்கிறவர் கைக்குத் தப்பித்தவறிக்கூடப் போவதில்லை. போவது ஒன்றும் பெரிசில்லை, திரும்பி வருகிறதே, அதுதான் பெரிசு என்று அவளுக்குத் தோன்றியது. அன்று பிடித்த பிரமிப்பு இன்று வரைக்கும் விடவில்லை. வயது நாற்பதை நெருங்குகிறது, இன்னும் சில நாள் அலமாரியில் மினுக்கும் பச்சை விளக்குகளின் முன் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். டில்லிபாபு அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

இணைப்பு கெட்டுப்போச்சு என்று யார் போன் செய்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "போறது போகலீங்களா, வர்றது வரலீங்களா?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா உனக்கு போன் பண்ணிகினு இருக்கேன்" என்பார்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி இருந்தது. வேண்டாதவர்களை வாசலிலேயே நிறுத்துகிற காவல் பெட்டி ஒன்று. பொட்டலம் வெளியே போகும்போது கம்பெனி கொடுத்த உள்முகவரியை எடுத்துவிட்டு, வெளியுலகத்துக்குத் தெரிந்த முகவரியை ஒட்டி அனுப்புகிற பெட்டி ஒன்று. பதில் வரும்போது வெளிமுகவரியை எடுத்துவிட்டு மறுபடி உள்முகவரியை ஒட்டுவதும் அதன் வேலைதான். யாருக்கு எவ்வளவு வேகம் என்று பங்கு போட இன்னொரு பெட்டி. காலம் மாறிப் பெட்டிகளெல்லாம் மென்பொருளாகி, ஒரே சர்வருக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஒவ்வொன்றும் இப்போது ஒரு புரோகிராம். பொட்டலம் ஒன்றின் கையிலிருந்து அடுத்ததன் கைக்குப் போகும். எதற்கடுத்து எது என்று கோத்துவிடுவது பிரபாவதியின் வேலை. கோப்பது சுலபமாகிவிட்டது. அந்தச் சுலபத்தில்தான் வினை ஒளிந்திருந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்குகிற கூட்டத்தில் மலைக்குப் படி இருக்கிறதா என்றே தெரியாது, மஞ்சள் துணி ஒன்று தானாக மேலே நகர்ந்துகொண்டிருப்பது மட்டும் தெரியும். செல்போன் அன்றைக்கு வெறும் கடிகாரம். டவர் கிடைக்காது. ஆகவே காணாமல்போனவர்களைச் சேர்த்துவைக்கத் தொண்டர்கள் இரண்டு சாவடி போடுவார்கள், மலைமேல் ஒன்று, கீழே சரவணப் பொய்கைப் பக்கம் ஒன்று. இரண்டிலும் ஒயர் இழுத்த டெலிபோன் இருக்கும். மேல் சாவடிக்கு டில்லிபாபுவின் ஒயர். கீழ் சாவடி இருக்கிற பக்கம் வேறொரு கம்பெனியின் ஒயர். அதனால் மலைமேல் பேசுகிற பேச்சு டில்லிபாபுவின் சர்வர் வழியாக வெளியே போய், ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கீழே வந்து சேரும். கீழே சொல்கிற பதிலும் அதே வழியில் சர்வருக்குள் நுழைந்து மலையேற வேண்டும்.

போன வருடம் திருவிழாவுக்கு முன்பு பிரபாவதி இதற்கென்று ஒரு புரோகிராம் எழுதினாள். 'மலை முதல்' என்று பெயர் வைத்தாள். அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் மலைமேல் இருப்பார்கள், மீதிப் பாதி வீட்டில் உட்கார்ந்து அதையே நேரலையில் பார்ப்பார்கள், ஒயர் திணறும். திணறும்போது மலைச் சாவடியின் முகவரி உள்ள பொட்டலத்துக்குத் தனி வழி விட வேண்டும், மற்றவை காத்திருக்கட்டும், இடமில்லாவிட்டால் விழட்டும். இவ்வளவுதான் அதன் வேலை. இதை எங்கே கோப்பது என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. காவலுக்கு முன், முகவரி மாற்றுவதற்கு முன், எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள். டில்லிபாபு சொல்லி வைக்கவில்லை. அவளும் திருத்தணிப் பக்கத்துக்காரிதானே, கை தானாகவே அங்கே போயிற்று. சோதித்துப் பார்த்தாள். ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனியாகச் சரியாக இருந்தது. மேலிருந்து பேசினால் கீழே கேட்டது, கீழிருந்து பேசினால் மேலே கேட்டது.

இங்கே அவள் அப்பா முனியனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரபாவதி அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். கண்டிகையிலிருந்து ஆடிக் கிருத்திகைக்குப் புறப்படும் காவடிக் கூட்டத்துக்கு அவர்தான் தலை. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏறும்போது தலைக்காவடி முன்னால் போகும். இறங்கும்போது அது எல்லாருக்கும் பின்னால் வரும். அதை எடுக்கிறவருக்குப் பின்னால் சொந்த ஊர்க்காரன் ஒருத்தன்கூட நிற்கக் கூடாது. கூட்டத்தில் யாரும் விட்டுப்போகாமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. மலைமேல் நின்று "எல்லாரும் எறங்கிட்டாங்களா?" என்று முனியன் குரல் கொடுப்பார். கீழேயிருந்து "ஆங், எறங்கியாச்சு" என்று ஆள் மாற்றி ஆளாகப் பதில் மேலே வரும். பதில் வந்த பிறகுதான் அவர் முதல் படியில் கால் வைப்பார்.

அவருக்கு இப்போது மறதி. சாப்பிட்டாரா இல்லையா என்பது மறந்துவிடும். மகன் முருகவேலைச் செத்துப்போன தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். காவடி மட்டும் மறக்கவில்லை. ஆடி மாதம் பிறந்தால் யாரும் ஞாபகப்படுத்தாமலே காவடிக் கட்டையைத் துடைத்து வெயிலில் வைப்பார். அவர் தலைக்குள் எது போயிற்று, எது தங்கிற்று என்பதற்குக் கணக்கே கிடையாது.

போன வருடம் முருகவேல்தான் அவர் கூடவே ஏறினான். இறங்கும்போது வழக்கப்படி தனக்கு முன்னால் போகச் சொல்லி அவனை அவர் தள்ளிவிட்டார். நாலு படி இறங்கித் திரும்பிப் பார்த்தான், நடுவே கூட்டம் புகுந்திருந்தது, அப்பா இல்லை. பிரபாவதி அன்று கீழ் சாவடியில் இருந்தாள். டெலிபோன் அடித்தது, எடுத்தாள். மேல் சாவடியில் உதவிக்கு நின்ற கல்லூரிப் பெண் சுசித்ராவின் குரல்.

"ஹலோ, ஹலோ, கேக்குதா?"

"கேக்குது, சொல்லுங்க."

"ஹலோ? யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேம்மா, சொல்லு. கேக்குது."

அந்தக் குரலுக்குப் பின்னால், அரோகராச் சத்தத்தின் நடுவே, ஒரு கிழவர் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் எறங்கிட்டாங்களா, எல்லாரும் எறங்கிட்டாங்களா. பிரபாவதிக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. நைனா, நைனா என்று தொண்டை கிழியக் கத்தினாள். "லைன் செத்துப்போச்சு போல" என்று சொல்லிச் சுசித்ரா போனை வைத்துவிட்டாள். பிரபாவதி திரும்ப அடித்தாள். மேலே மணி அடித்தது, சுசித்ரா எடுத்தாள், ஹலோ ஹலோ என்றாள், வைத்தாள். அதற்கப்புறம் டெலிபோனை நம்பாமல், இறங்குகிற கூட்டத்துக்கு எதிரே முட்டி மோதிப் படியேறி ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது சாவடியில் அப்பாவின் காவடி மட்டும் சாய்த்து வைத்திருந்தது.

"அவர் கேட்டுகினே இருந்தாருங்க" என்றாள் சுசித்ரா. "கீழேர்ந்து யாரும் பதில் சொல்லல. அப்போ ஆளுங்க மேலதான் எங்கியோ நின்னுகினு இருக்காங்க, தேடிப் பாக்கறேன்னு போய்ட்டாரு."

மறுநாள் காலையில் மலைக்குப் பின்னால் ஒரு கழனியில், பம்புசெட் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். கால் பாதம் கிழிந்திருந்தது. ஊர்க்காரர்களைத் தேடி அலைந்து அங்கே வந்திருக்கிறார். அந்தக் காயம் ஆற மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது.

பிரபாவதிக்கு ஆறவே இல்லை. போனது போயிற்று, வர வேண்டியதுதான் வரவில்லை. அது ஏன்? அவள் தோண்டித் துருவிப் பார்த்தாள். புரோகிராம்களைத் தனித்தனியே எடுத்துச் சோதித்தாள், எல்லாம் யோக்கியமாக நின்றன. சேர்த்து வைத்து மேல் சாவடியிலிருந்து பேசிப் பார்த்தாள், இரண்டு பக்கமும் மணி மாதிரிக் கேட்டது. தப்பு எதுவானாலும் கூட்டம் வந்தால்தான் அது வெளியே தலை நீட்டும். கூட்டமோ வருடத்துக்கு ஒரு தரம். தப்பைப் பார்ப்பதற்காக லட்சம் ஜனங்களை மலைக்கு வரச்சொல்ல யாரால் முடியும்?

இதற்கிடையில் முருகவேல் முடிவு கட்டிவிட்டான். "இனிமே நைனா மலைக்குப் போவக் கூடாது. நான் உட மாட்டேன்."

"காவடிய யாரு எடுக்கறது?"

"அக்கா, ஆளு இருந்தாதான காவடி."

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் காவடி இல்லையென்றால் அப்பாவிடம் மீதி என்ன இருக்கிறது என்று பிரபாவதிக்குத் தெரியவில்லை. அவர் தன் பெயரை விட அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆடி வரட்டும், பார்க்கலாம் என்று மட்டும் தம்பியிடம் சொல்லி வைத்தாள்.

மாசி மாதத்தில்தான் அந்த மொழி அவள் கண்ணில் பட்டது. எந்தத் தேசத்திலோ ஒரு பல்கலைக்கழகத்தில் சில பேர் சேர்ந்து, இப்படிப்பட்ட புரோகிராம்களைப் பிசகில்லாமல் கோப்பதற்கென்றே ஒரு கணினி மொழியைச் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருந்தார்கள். அதில் ஒவ்வொரு புரோகிராமும் முதலில் தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்ல வேண்டும். என்னிடம் வருகிற பொட்டலத்தில் இன்னது இருந்தாக வேண்டும், என்னைத் தாண்டிப் போகும்போது இன்னது மாறியிருக்கும் என்று எழுதித் தர வேண்டும். அதற்கப்புறம்தான் கோக்கலாம். கோத்ததை ஓடவிடுவதற்கு முன்னால், எழுதியதைச் சரிபார்த்து மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற கம்பைலர் முழுதும் படித்துப் பார்க்கும், போகிற வழியை ஒரு தரம், வருகிற வழியை ஒரு தரம். ஒருவர் கேட்பதை அவருக்கு முன்னால் நிற்பவர் தரவில்லையென்றால், கோக்க விடாது. சம்பந்தம் பேசும்போது இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துவார்களே, அந்த மாதிரி.

படிக்கப் படிக்க அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தன் புரோகிராமுக்கு என்ன வேண்டும் என்று தனக்குத் தெரியாதா? எழுத உட்கார்ந்தபோதுதான் தெரியாது என்று தெரிந்தது. 'மலை முதல்' என்ன கேட்கிறது? மலைச் சாவடியின் முகவரியைக் கேட்கிறது. எந்த முகவரியை, உள்முகவரியையா வெளிமுகவரியையா என்று அந்த மொழி விடாமல் நச்சரித்தது. உள்முகவரி என்று எழுதினாள். இத்தனை வருடத்தில் அவளிடம் யாருமே அதைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கோடை முழுக்க அந்த வேலைதான். ஒரு பிற்பகலில் எழுதி முடித்தாள். டில்லிபாபு சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். வெயிலுக்குத் தெருவே அடங்கிக் கிடந்தது. போன வருடம் கோத்த அதே வரிசையில், மலை முதல், காவல், முகவரி மாற்றி என்று கோத்துக் கம்பைலரிடம் கொடுத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் திரையில் பதில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. 'மலை முதல்' உள்முகவரியைக் கேட்கிறது. திரும்பி வரும் பொட்டலத்தில் இந்த இடத்தில் அது இல்லை.

பிரபாவதி அதை இன்னொரு தரம் படித்தாள். பதில் வரும்போது அதன் மேல் ஒட்டியிருப்பது வெளிமுகவரி. முகவரி மாற்றி அதை உள்முகவரியாக மாற்றிய பிறகுதான் அது மலைக்குப் போக வேண்டியது என்று தெரியும். 'மலை முதல்' அதற்கும் முன்னால் நந்தி மாதிரி நின்றுகொண்டு, மலைக்கு வந்த பதிலை யாரோ எவரோ என்று நினைத்துக் கூட்டத்தில் தள்ளிவிட்டிருக்கிறது. சாதாரண நாளில் இடம் இருந்ததால் அது எப்படியோ போய்ச் சேர்ந்தது. கிருத்திகை அன்று இடமில்லை, விழுந்துவிட்டது. மணியடிக்கச் சொல்கிற பொட்டலம் போய்ச் சேருகிற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும், பேச்சோ ஒரு தரம்தான் வரும். மலைக்கு மரியாதை செய்கிறோம் என்று அவள் முதலில் வைத்ததே மலைக்குப் போன பதிலைத் தடுத்திருக்கிறது.

அவள் அழுதாள். அழுகையை விடப் பெரிதாக இன்னொன்று அவளைப் பிடித்துக்கொண்டது. லட்சம் ஜனங்கள் ஏறி இறங்கி, ஒரு கிழவரின் கால் கிழிந்து, அதற்கப்புறமும் வெளியே வராத தப்பு இது. இங்கே ஒரு ஆள் மலையேறவில்லை. ஒரு டெலிபோன் அடிக்கவில்லை. ஒரு பொட்டலம்கூட ஓடவில்லை. மின்விசிறி சுற்றும் வெறும் அறையில் உட்கார்ந்துகொண்டு, வரப்போகிற எல்லாக் கூட்டத்தையும் பார்த்துவிட்டதைப் போல அது சொல்கிறது. முகம் தெரியாத நாலு பேர், திருத்தணி எங்கே இருக்கிறது என்றே அறியாதவர்கள், எங்கேயோ உட்கார்ந்து யோசித்த யோசனை இவள் அப்பா எந்த இடத்தில் கைவிடப்பட்டார் என்று விரல் வைத்துக் காட்டுகிறது. பிரபாவதிக்கு உடம்பு சிலிர்த்தது. எழுந்து நின்று திரையைக் கும்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று கும்பிடவில்லை. நான் அவளாக இருந்தால் கும்பிட்டிருப்பேன்.

திருத்துவது பெரிய வேலை இல்லை. போகும்போது இந்த வரிசை, வரும்போது அப்படியே தலைகீழாக என்று சொல்ல அந்த மொழியிலேயே வழி இருந்தது. போகும்போது முதலில் நிற்கிற 'மலை முதல்', வரும்போது கடைசியில் நிற்கும். எழுதினாள். இந்தத் தடவை கம்பைலர் ஒரு ஆட்சேபமும் சொல்லவில்லை.

டில்லிபாபு சொன்னார். "இன்னாம்மா இது, சாமிய கொண்டுபோய் கடைசில நிக்க வெச்சிகினு இருக்கே."

"எங்க நைனா இன்னா பண்றாரு பாபு அண்ணா? ஏறசொல்ல முதல் ஆளு, எறங்கசொல்ல கடைசி ஆளு. அதுக்காக அவர யாராச்சும் கொறச்சலா பேசுறாங்களா? கடைசில ஒருத்தர் நின்னாதான் யாரும் உட்டுப்போவ மாட்டாங்க."

டில்லிபாபு எழுந்தார். மேஜை இழுப்பறையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, சர்வரின் பின்பக்கத்திலும் ஒரு பட்டை போட்டார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

முருகவேலைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு லேசாக இல்லை. ஆடி பிறந்து, முனியன் காவடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

"கூட்டத்துல வெச்சி டெஸ்ட் பண்ணியா?" என்றான்.

"இல்ல."

"அப்புறம் எப்படிக்கா சொல்ற? போன வருஷமும் நல்லாருக்குன்னுதான் சொன்ன."

"போன வருஷம் நான் பேசிப் பாத்து சொன்னேன். பேசிப் பாத்த அன்னிக்கி நல்லா இருந்துச்சு, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம். இது அப்படி இல்லடா. எந்தக் கூட்டம் வந்தாலும், எந்தப் பொட்டலம் வந்தாலும் இந்த வரிசைல பதில் தப்பாதுன்னு கணக்காவே சொல்லுது."

"ஒரு மெஷின் சொல்லுச்சுன்னு நைனாவ அனுப்புவியா?"

பிரபாவதி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தாள். ஒயரை யாராவது அறுத்துவிட்டால் அந்த மொழி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அவள் எழுதித் தந்த உண்மையில் ஒன்று பொய்யாக இருந்தால்? அப்போதும் ஒன்றும் செய்யாது. அதெல்லாம் அவள் தலைமேல். ஆனால் தன் கண்ணை விட, தன் காதை விட, அந்த இரண்டு வரியை அவள் நம்பினாள்.

"அனுப்புவேன்" என்றாள்.

முருகவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஆனால் கிருத்திகை அன்று விடியற்காலையில் அவன்தான் அப்பாவுக்கு மஞ்சள் வேட்டி கட்டிவிட்டான். சட்டை கிடையாது, பை கிடையாது, தொலைந்துபோனால் ஊர் தெரிய ஒரு சீட்டு எழுதி வைக்க இடம் கிடையாது. முன்கையில் பேனாவால் எழுதிய ஊர்ப் பெயர் சரவணப் பொய்கையில் முழுக்குப் போட்டதும் கரைந்துவிட்டது. முனியன் காவடியைத் தோளில் ஏற்றினார். ஏறிய உடனே மறதி எங்கே போயிற்றோ, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அரோகரா என்று அவர் போட்ட சத்தத்துக்குக் கண்டிகையே பின்னால் நகர்ந்தது. மலை முழுக்க மஞ்சள். பிரபாவதி கீழ் சாவடியிலிருந்து அவர் முதுகு கூட்டத்தில் கரைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேர் எங்கிருந்து வருகிறார்கள், எப்படித் திரும்பி அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறார்கள் என்று எப்போதும் போல அவளுக்கு வியப்பாக இருந்தது. அன்றைக்கு அந்த வியப்போடு பயமும் இருந்தது.

சர்வர் திணறத் தொடங்கிவிட்டது என்று டில்லிபாபு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். வீட்டில் நேரலை பார்ப்பவர்களுக்குப் படம் நின்று நின்று வருகிறதாம், திட்டுகிறார்களாம். கண்டிகை ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சாவடிக்குப் பக்கத்தில் சேர்ந்தார்கள். கடைசியில் முருகவேல் வந்தான். வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பின்னாடியேதான் இருந்தாரு" என்றான். "திரும்பறேன், காணோம். மேல போவ உட மாட்றாங்க."

பிரபாவதி டெலிபோனைப் பார்த்தாள். அவளே அடிக்கலாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் அது அடித்துவிட்டது.

"ஹலோ, ஹலோ, கேக்குதா?" சுசித்ராவின் குரல். இந்த வருடமும் அவள்தான்.

"கேக்குது, சொல்லும்மா."

அந்தப் பக்கத்தில் சத்தமில்லை. பிரபாவதியின் பதில் கீழ் சாவடியிலிருந்து புறப்பட்டு, வேறு கம்பெனியின் ஒயரில் வெளியே போய், ஒரு சுற்றுச் சுற்றி, திணறிக்கொண்டிருக்கும் சர்வரின் வாசலுக்கு வந்து, முகவரி மாறி, காவலைத் தாண்டி, கடைசியில் நிற்கிறவரிடம் வந்து சேர வேண்டும். அவர் அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். முருகவேல் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"ஆங், கேக்குதுக்கா. நல்லா கேக்குது" என்றாள் சுசித்ரா. "போன வருஷம் வந்தாரே, அந்தப் பெரியவர் இங்க இருக்காரு. எறங்க மாட்டேங்கறாரு. போன அவர் கிட்ட குடுக்கறேன்."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு கேட்டது.

"நைனா."

"யாரு?"

"நான் பிரபா, நைனா."

முனியன் யோசித்தார். அந்தப் பெயர் அவருக்குக் கிடைத்ததா இல்லையா என்று பிரபாவதிக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. அவர் வேறு ஒன்றைத்தான் கேட்டார். போன வருடம் அதே இடத்தில் நின்று, பதில் வராமல், திரும்பத் திரும்பக் கேட்டதைத்தான் கேட்டார்.

"எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

பிரபாவதி திரும்பிப் பார்த்தாள். கண்டிகை ஆட்கள் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறங்கிட்டாங்க நைனா. ஒருத்தர் உடாம எறங்கிட்டாங்க. நீதான் கடைசி."

"ஆங்" என்றார் முனியன். "அப்போ நான் வரேன்."